மைத்துனர் அனுப்பிய இணைப்பும் வராத 46,800 வெள்ளியும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 41 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு நேர மேற்பார்வையாளர். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனைவியின் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை அனுப்பி, "50 வெள்ளி போட்டுப் பாருங்கள் மாப்பிள்ளை, அவர்களும் 50 வெள்ளி சேர்த்துத் தருகிறார்கள்" என்றிருக்கிறார். அப்படித் தொடங்கிய இணையச் சூதாட்டத்தில் ஆறே மாதத்தில் இவர் 'விஐபி' ஆனார், பிறகு 'டைமண்ட்' ஆனார். தமிழ் பேசும் ஒரு பெண் இவருடைய 'விஐபி மேனேஜர்'. தினமும் காலை வணக்கம் சொல்வார், அண்ணா என்றுதான் அழைப்பார். பிறந்தநாளுக்கு 188 வெள்ளி, தீபாவளிக்கு வீட்டு வாசலில் பலகாரக் கூடை. தைப்பூச விரதத்துக்காக இவர் மூன்று வாரம் விளையாடவில்லை. தண்ணீர்மலையில் பால்குடம் செலுத்திய மறுநாள் காலை 500 வெள்ளி கணக்கில் விழுந்திருக்கிறது. கூடவே ஒரு செய்தி: "அண்ணா, உங்களைக் காணாமல் தேடிவிட்டோம்."

மார்ச் மாதம் அந்த மேனேஜர், பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு 'டைமண்ட் ஐடி' திறக்கச் சொன்னார். இவரும் திறந்தார். ஆகஸ்டில் பாக்காராட் என்ற சீட்டு விளையாட்டில் 46,800 வெள்ளி வென்றார். பணத்தை எடுக்கக் கேட்டதும் பேச்சு மாறியது. முதலில் நாளுக்கு 3,000 வெள்ளிதான் எடுக்கலாம் என்றார்கள். பிறகு அஃபிலியேட் (இவரைச் சேர்த்துவிட்டவர்) தரப்பு உறுதி செய்ய வேண்டும், டர்ன்ஓவர் (பணத்தை எடுக்கும் முன் வைத்தாக வேண்டிய மொத்தப் பந்தயத் தொகை) முடியவில்லை, இரண்டு ஐடி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். கடைசியில், பத்து விழுக்காடு வரியாக 4,680 வெள்ளி கட்டினால் மொத்தமும் வரும் என்கிறார்கள். வட்டிக்கு விடும் ஒருவரிடம் இவர் அந்தத் தொகையைக் கேட்டு வைத்திருக்கிறார்.

வங்கி அறிக்கையைக் கூட்டிப் பார்த்ததில் போட்டது 138,400 வெள்ளி, திரும்ப எடுத்தது 51,000 வெள்ளி. இழப்பு 87,400. சேமநிதியின் மூன்றாவது கணக்கு காலி, கூட்டுறவுக் கடனும் இருக்கிறது. மனைவிக்கு எதுவும் தெரியாது. இதற்கிடையே பேச்சுவாக்கில் அந்த மேனேஜர் ஒன்றைச் சொல்லிவிட்டார்: "உங்கள் மைத்துனருக்கு நீங்கள்தான் முதல் ஆள், அண்ணா. உங்களால்தான் அவருக்கு மாதா மாதம் கமிஷன்."

வாசகரின் கேள்விகள் இவை. வென்ற பணத்துக்கு வழக்குப் போட முடியுமா? விஐபி என்ற முறையில் தமக்குக் கூடுதல் உரிமை இல்லையா? அறிமுகப்படுத்தியவர் ஜாமீன்தாரர் போல் பொறுப்பேற்க வேண்டாமா? தாமே அஃபிலியேட் ஆனால் 40 விழுக்காடு கமிஷனும், வங்கிக் கணக்கைப் பயன்படுத்தத் தந்தால் மாதம் ஒரு தொகையும் தருகிறார்களாம், அதில் இழந்ததை மீட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரரே,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 4,680 வெள்ளியைக் கட்டாதீர்கள். அவர்களிடம் உங்கள் பெயரில் 46,800 வெள்ளி உண்மையிலேயே இருந்தால், அதில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்ப எந்தத் தடையும் இல்லை. வருமான வரி வாரியம் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கு வழியாக யாரிடமும் வரி வசூலிப்பதில்லை. பணத்தை விடுவிக்க முன்பணம் கேட்பவர், அது வந்து சேர்ந்த மறுநாளே இன்னொரு கட்டணத்துடன் வருவார். இதைப் படிக்கும் முன்பே நீங்கள் கட்டிவிட்டிருந்தால், உடனே உங்கள் வங்கியையும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். பணம் கணக்குக் கணக்காகப் பிரிந்து போவதற்கு முன் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம்.

வட்டிக்காரரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் கூடப் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம். உரிமம் இல்லாதவர் எழுதி வாங்கும் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அவர் நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை, உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்.

கமிஷன் எங்கிருந்து வருகிறது

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது ஒரு வரி: "என்னை அவர்கள் மதிப்புள்ள வாடிக்கையாளராகத்தான் நடத்தினார்கள், அதனால்தான் இது ஏதோ தவறுதலாக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்." தவறுதலாக எதுவும் நடக்கவில்லை. இதன் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் மற்றவை தாமாகவே விளங்கும்.

மைத்துனர் அனுப்பிய இணைப்பின் நுனியில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருந்திருக்கும். அதைத் தொட்டு நீங்கள் பதிவு செய்த நொடியில் உங்கள் கணக்கு அவர் பெயரில் குறிக்கப்பட்டுவிட்டது. இப்படி ஆள் சேர்ப்பவரைத்தான் அஃபிலியேட் என்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் ஏஜண்ட். அவருக்கான கூலி பெரும்பாலும் இரண்டு விதம். ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே முறை தருவது ஒன்று. மற்றது வருவாயில் பங்கு. நீங்கள் போட்டதிலிருந்து நீங்கள் எடுத்ததையும், போனஸ்களையும், பரிமாற்றச் செலவுகளையும் கழித்த பிறகு சூதாட்ட நிறுவனத்துக்கு மிஞ்சுவதில் 25, 35, 40 விழுக்காடு என்று போகும். மிஞ்சுவது என்பது நீங்கள் தோற்ற பணம். பல ஒப்பந்தங்களில் இந்தப் பங்கு நீங்கள் அங்கே விளையாடும் காலம் முழுவதும் தொடரும்.

உங்கள் இழப்பு 87,400 வெள்ளி. மைத்துனருக்கும் 40 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 34,960 வெள்ளி. கழிவுகள் போகக் கொஞ்சம் குறைந்திருக்கும், மார்ச்சில் நீங்கள் புதிய ஐடி திறந்த பிறகு நின்றும் போயிருக்கலாம். ஆனால் நீங்கள் தோற்ற மாதங்களில்தான் அவருக்குப் பணம் வந்தது என்பது மாறாது.

நீங்கள் வென்றால்? அந்த மாதம் அவர் கணக்கு கழித்தலில் போகும். சில நிறுவனங்கள் மாதப் பிறப்பில் அதைப் பூச்சியமாக்கிவிடும், சில அடுத்த மாதத்துக்கு ஏற்றும். பெருந்தொகை வைத்து ஆடுபவர்களுக்கென்றே தனி விதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. உங்களைப் போன்ற ஒருவர் ஒரே மாதத்தில் பெரிதாக வென்றுவிட்டால், அந்தக் கழித்தல் தொகையை உங்கள் பெயரோடு ஒதுக்கி வைப்பார்கள். நீங்கள் அவ்வளவையும் திரும்பத் தோற்று முடிக்கும்வரை உங்கள் மூலம் ஏஜண்டுக்குப் பங்கு கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருவரும், நிறுவனமும் ஏஜண்டும், வென்றவர் மறுபடி விளையாட வரவேண்டும் என்று காத்திருக்கும் ஏற்பாடு இது. நாளுக்கு 3,000 வெள்ளி வரம்பும் இதற்கு உதவும். 46,800 வெள்ளியை எடுத்து முடிக்க 16 நாள் ஆகும். அந்த 16 இரவும் மீதிப் பணம் விளையாட்டுக் கணக்கிலேயே உங்கள் கண்முன் இருக்கும்.

புதிய 'டைமண்ட் ஐடி' பற்றியும் எழுதியிருந்தீர்கள். இந்தத் தொழிலில் ஏஜண்டுகள் வழக்கமாகச் சொல்லும் புகார் ஒன்று உண்டு. நன்றாகப் பணம் போடும் ஆளை நிறுவனம் தன் விஐபி பிரிவுக்கு எடுத்துக்கொண்டு, வேறு கணக்குக்கோ வேறு பெயருள்ள தளத்துக்கோ மாற்றிவிடும். பழைய குறியீடு அறுந்துபோகும், கமிஷன் மிச்சமாகும். மார்ச் மாதம் உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கடிதத்தைப் படித்த அளவில் எனக்குத் தோன்றுகிறது. விதிமுறைகளில் ஒருவருக்கு ஒரே கணக்கு என்றுதான் எழுதியிருப்பார்கள். அவர்கள் வாயால் சொல்லித் திறக்க வைத்த இரண்டாவது கணக்கு, நீங்கள் வென்றபோது உங்கள் குற்றமாகிவிட்டது. திறக்கச் சொன்ன அந்தச் செய்தி உங்கள் கைப்பேசியில் இருந்தால் அழிக்காதீர்கள்.

இனி அந்தச் சலுகைகள். 1,000 வெள்ளி போட்டால் 1,000 வெள்ளி போனஸ், 25 மடங்கு டர்ன்ஓவர் என்று வைத்துக்கொள்வோம். 2,000 வெள்ளிக்கு 25 மடங்கு என்றால் 50,000 வெள்ளிக்குப் பந்தயம் வைத்தாக வேண்டும். 100 வெள்ளிக்கு 96 வெள்ளி திருப்பித் தரும் ஸ்லாட் விளையாட்டில் அந்த 50,000 வெள்ளிக்குச் சராசரி இழப்பு 2,000 வெள்ளி. உங்கள் ஆயிரமும் அவர்கள் ஆயிரமும் அங்கேயே கரைந்துவிடும். பாக்காராட்டில் நிறுவனத்தின் அனுகூலம் குறைவு, 'பேங்கர்' பக்கம் வைத்தால் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகம்தான். அதனாலேயே பல தளங்கள் பாக்காராட் பந்தயத்தை டர்ன்ஓவர் கணக்கில் முழுதாகச் சேர்ப்பதில்லை. உங்களுக்குச் சொன்ன மூன்றாவது காரணம் இங்கிருந்து வந்ததுதான்.

விஐபி பிரிவில் யாரைச் சேர்க்கிறார்கள் என்பதற்குப் பிரிட்டனிலிருந்து ஒரு கணக்கைச் சொல்கிறேன். அங்கே ஒழுங்குமுறை ஆணையம் ஆராய்ந்த நிறுவனங்களுள் ஒன்றில், வாடிக்கையாளர்களில் 2 விழுக்காட்டினரான விஐபிகள் போட்ட பணம் மொத்த வைப்பில் 83 விழுக்காடு என்று 2020இல் செய்தி வெளியானது. அதே ஆண்டு அக்டோபர் 31 முதல் அங்கே விதிகள் இறுகின. ஒருவரை விஐபி ஆக்கும் முன் அவருக்கு அவ்வளவு செலவு கட்டுப்படியாகுமா, பணம் எங்கிருந்து வருகிறது, பழக்கம் கைமீறிப் போகிறதா என்று நிறுவனம் பார்க்க வேண்டும். ஒரு மூத்த அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். அஃபிலியேட் செய்யும் தவறுக்கும் உரிமம் பெற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். நீங்கள் எதிர்பார்க்கும் பொறுப்பு அதுதான். அப்படி ஒரு பொறுப்பை ஏற்க வைக்கும் உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளம் எதுவும் மலேசியாவில் கிடையாது. கெந்திங் மலைமேல் இருக்கும் சூதாட்ட இல்லத்தின் உரிமத்துக்கும் உங்கள் கைப்பேசியில் இருக்கும் தளத்துக்கும் தொடர்பில்லை.

விரதம் முடிந்த மறுநாள் வந்த 500 வெள்ளிக்குத் திரும்ப வருகிறேன். மூன்று வாரம் நீங்கள் நிறுத்தியிருந்தீர்கள். பணம் போடாத கணக்கு ஒன்று அவர்கள் திரையில் தெரிந்திருக்கும். வழக்கமாகப் போடுகிறவர் நிறுத்தினால் இத்தனை நாளில் இவ்வளவு கொடுத்து அழைப்பது என்பது அந்த வேலையின் வழக்கமான நடைமுறை. அந்தப் பெண்ணின் குரலில் அன்பு இருந்திருக்கலாம். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பெண்தான், அவரைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த 500 வெள்ளி, நிறுத்திய ஒரு மனிதரைத் திரும்ப இழுத்துவர அனுப்பியது. நிறுத்த உங்களால் முடிந்தது என்பதற்கும் அதுவேதான் சாட்சி.

வழக்குப் போட முடியுமா

முடியாது என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். 1956ஆம் ஆண்டுக் குடிமையியல் சட்டத்தின் 26ஆம் பிரிவும், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவும், சூதாட்டத்தின் பேரிலும் பந்தயத்தின் பேரிலும் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கின்றன. பந்தயத்தில் வென்ற பணத்தைக் கேட்டு நம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாது. விஐபி, டைமண்ட் என்பதெல்லாம் அவர்கள் வைத்த பெயர்கள். சட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. இதில் உங்களுக்குச் சாதகமான மறுபக்கமும் உண்டு: நாளைக்கு அவர்கள் "கடனாகத் தந்த கிரெடிட்டைக் கட்டு" என்று மிரட்டினால், அந்தச் சூதாட்டக் கடனுக்காக இங்கே உங்கள்மேல் வழக்குப் போடவும் அவர்களால் முடியாது.

தளத்தின் அடியில் குராசாவ் தீவின் உரிம முத்திரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே முன்பு ஓர் உரிமத்தின் கீழ் பல துணை உரிமங்கள் தரும் முறை இருந்தது. 2024 டிசம்பரில் புதிய சட்டம் வந்து அந்த முறை மாறியது. முத்திரையைத் தொட்டால் உரிமம் கொடுத்த ஆணையத்தின் பக்கத்துக்குப் போய், அதே தளப் பெயர் அங்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் படம். தெரிந்தாலும், அங்கே பெற்ற உரிமம் மலேசியாவில் சூதாட்டம் நடத்த அனுமதி ஆகாது. புகார் அனுப்பலாம், அனுப்பினால் பணம் வரும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன்.

மைத்துனர் உங்களுக்கு ஜாமீன்தாரர் ஆகமாட்டார். அவர் ஒப்பந்தம் நிறுவனத்தோடு, உங்களோடு ஒன்றுமில்லை. "அஃபிலியேட் தரப்பு உறுதி செய்ய வேண்டும்" என்று சொன்னது உங்கள் கோபத்தை அவர் பக்கம் திருப்பி நாளைக் கடத்தத்தான். அவருக்கு இருக்கும் பொறுப்பு வேறு விதமானது. 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சூதாட்டத்தை நடத்துவதோடு அதற்கு ஆள் அழைப்பதையும் விளம்பரம் செய்வதையும் குற்றமாக்குகிறது. 5,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை.

விளையாடுபவருக்கும் அதே சட்டத்தில் 6ஆம் பிரிவு இருக்கிறது: 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கைப்பேசி என்ற ஒன்றே இல்லாத காலத்துச் சட்டம் அது. வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் ஆடுவது 'சூதாட்ட இல்லத்தில்' ஆடுவதாகுமா என்று வாதாட இடமுண்டு. ஆனால் வாதாட இடமிருப்பதை நம்பி நீங்கள் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம். 4,680 வெள்ளி கேட்டு ஏமாற்றும் முயற்சி பற்றிப் புகார் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் முழுக் கதையையும் சொல்லுங்கள். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்ல முடியாது. காவல் விசாரணையில் சாட்சியாக வாக்குமூலம் கொடுக்கும்போதும், உங்கள்மேலேயே குற்றச்சாட்டு வர வழிவகுக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது.

உங்களுக்குத் தரப்படும் வேலை

நீங்கள் இதைக் கடைசியில் இரண்டே வரியில் கேட்டிருக்கிறீர்கள். நான் இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

40 விழுக்காடு கமிஷனில் 87,400 வெள்ளியை மீட்க வேண்டும் என்றால், நீங்கள் சேர்க்கும் ஆட்கள் 218,500 வெள்ளி தோற்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், கணக்கு அப்படித்தான் வரும். அந்தப் பணம் யாருடையது? இரவு வேலையில் உங்கள் கீழ் இருக்கும் பையன்களுடையது. இடைவேளையில் உங்களோடு தேநீர் குடிப்பவர்களுடையது. கோயில் தண்ணீர்ப் பந்தலில் சேர்ந்து நின்ற நண்பர்களுடையது. உங்கள் வார்த்தையை நம்பி 50 வெள்ளி போடுவார்கள். அவர்களில் ஒருவர் நன்றாகத் தோற்கத் தொடங்கியதும் அவரையும் அண்ணா என்று ஒரு குரல் அழைக்கும். மைத்துனர் உங்களிடம் செய்ததை நீங்கள் பத்துப் பேரிடம் செய்வீர்கள். செய்யக் கூடியவர் நீங்கள் இல்லை என்றுதான் நான்கு பக்கமும் எனக்குச் சொல்கின்றன. இருந்தாலும் கடன் கழுத்தை நெரிக்கும்போது நல்லவர்களும் சம்மதித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன 4ஆம் பிரிவு அந்த நாளிலிருந்து உங்களுக்கும் பொருந்தும்.

வங்கிக் கணக்கைத் தருவது இன்னும் மோசம். 'அக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். மற்றவர்கள் போடும் சூதாட்டப் பணமும், மோசடியில் பறித்த பணமும் உங்கள் பெயருள்ள கணக்கு வழியாக ஓடும். 2024இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 424ஏ முதலான பிரிவுகள் இத்தகைய கணக்குகளைக் குறிவைத்தே எழுதப்பட்டவை. கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ பிறர் கையில் கொடுப்பதே இப்போது குற்றமாகலாம். பணமோசடித் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால் 15 ஆண்டு வரை சிறை. அபராதமோ 50 லட்சம் வெள்ளி, அல்லது ஓடிய பணத்தைப் போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. உங்கள் சம்பளம் விழும் கணக்கும் முடக்கப்படும். ஒரு தடவைகூட வேண்டாம்.

சரிபார்ப்புக்கென்று அடையாள அட்டையின் இரு பக்கமும் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் பெயரில் வேறு கடன் ஏதும் வாங்கப்பட்டிருக்கிறதா என்று மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ் என்ற கடன் விவர அறிக்கையில் பாருங்கள். கட்டணம் இல்லை.

இந்த வாரம்

உரையாடல்கள் எல்லாவற்றையும், பண விவரத்தோடு, படமெடுத்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். அதன் பிறகு அந்த மேனேஜரின் எண்ணைத் தடை செய்யுங்கள். விளக்கம் சொல்லிவிட்டு விடைபெற வேண்டாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் ஒரு பதிலும் ஒரு இலவச கிரெடிட்டும் இருக்கும். வங்கிச் செயலியில் ஒரு நாள் பரிமாற்ற வரம்பைச் சந்தைச் செலவு அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

கூட்டுறவுக் கடனுக்கும் கடன் அட்டைக்கும் ஏகேபிகேயைப் போய்ப் பாருங்கள். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது. பினாங்கிலும் அலுவலகம் உண்டு, சேவை இலவசம். உங்கள் சம்பளத்தை வைத்து, வங்கிகளோடு பேசி, கட்டக்கூடிய தவணையாக மாற்ற முயல்வார்கள்.

"சில இரவுகளில் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பவே மனம் வரவில்லை" என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அப்படிப்பட்ட இரவில் மனநல உதவிக்கான 15555 என்ற ஹீல் எண்ணையோ, 03-7627 2929 என்ற பிஃப்ரெண்டர்ஸ் எண்ணையோ அழையுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. சூதாட்டப் பழக்கம் கைமீறுவதை உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் சொன்னால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். கை உடைந்தால் எப்படிப் போவீர்களோ அப்படிப் போங்கள்.

வீட்டில்

மைத்துனரைப் போய்க் கேட்கவா என்கிறீர்கள். கேளுங்கள், ஆனால் முதலில் மனைவியிடம் சொன்ன பிறகு. வரிசை மாறினால் உங்கள் மனைவி இந்த 87,400 வெள்ளியை அண்ணன் வீட்டுச் சண்டையின் நடுவில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுவார். கணவர் மறைத்ததும் அண்ணன் கமிஷன் வாங்கியதும் ஒரே நாளில் அவர் தலையில் விழும். எந்தப் பக்கம் நிற்பது என்று அவர் திணற வேண்டியிருக்கும்.

வங்கி அறிக்கையை அச்செடுத்து, பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருக்கும் மாலையில் அவர்முன் வையுங்கள். குறைத்துச் சொல்லாதீர்கள். பாதியைச் சொல்லி மீதியை அவரே கண்டுபிடித்தால், சொன்ன பாதியும் பொய்யாகத் தெரியும். வட்டிக்காரரிடம் கேட்டு வைத்ததையும் சொல்லுங்கள். அவர் அழலாம், பேசாமல் இருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றும் சொல்லலாம். அன்றைக்கே மன்னிப்பு வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சம்பளக் கணக்கைச் சில காலம் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிறகு இருவரும் சேர்ந்தே மைத்துனரிடம் போங்கள். அவர் வாங்கிய கமிஷனை நீதிமன்றம் வழியாகத் திரும்பப் பெற நல்ல வாய்ப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் மனமுவந்து தந்தால் கூட்டுறவுக் கடனுக்குக் கட்டுங்கள். தராவிட்டால் அதற்காக உறவினர் கூட்டம் கூட்ட வேண்டாம். அவரும் இதே தளத்தில் தோற்றுக்கொண்டிருப்பவராக இருக்கலாம். ஆள் சேர்ப்பவர்களில் பலர் அப்படித் தொடங்கியவர்கள்தான். அப்படியானால் மேலே கொடுத்த எண்கள் அவருக்கும் வேண்டும்.

அவரிடம் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: "இந்த இணைப்பை வேறு யார் யாருக்கு அனுப்பினீர்கள்?" அவர் சொல்லும் பெயர்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.